கூடத்தில் போட்ட கட்டில்

ஞானாம்பாள் எந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாள் ஒரு காரியம் செய்வாள். நோயாளியை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, அவருடைய கட்டிலில் தானே மல்லாந்து படுத்து ஐந்து நிமிஷம் மேலே பார்ப்பாள். "என்னம்மா, வந்ததும் வராததுமா படுத்துட்ட?" என்று கேட்டவர்கள் உண்டு. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நாளெல்லாம் கண்ணில் படுவது கூரைதான். அங்கே ஒட்டடை தொங்கினாலும், குழல்விளக்கு கண்ணைக் குத்தினாலும் பலருக்கு வாய்விட்டுச் சொல்ல வராது. அவர்கள் பார்ப்பதை அவர்கள் இடத்தில் படுத்துப் பார்த்துவிட்டால் வேலை பாதி முடிந்தது என்பாள்.

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் ஆயாவாகச் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. அங்கேயே ஆறு மாதப் பயிற்சி முடித்து, இருபத்தெட்டு வருஷம் வார்டில் நின்றாள். ஓய்வுக்குப் பிறகு வீடுகளுக்குப் போய்ப் பக்கவாதக்காரர்களையும் இடுப்பு முறிந்தவர்களையும் பார்த்துக்கொண்டாள். திருவந்திபுரத்தில் இரண்டு அறை உள்ள சொந்த வீடு இருந்தது. பிள்ளைகள் இல்லை. புருஷன் போய்ப் பதினாறு வருஷம். அவரைப் பற்றி யாராவது விசாரித்தால், "நல்ல மனுசன். சுகர் இருந்தும் லட்டு தின்னாரு" என்பாள். அதற்கு மேல் பேச்சை வளர்க்க மாட்டாள்.

2011 ஆடி மாதம் திருப்பாதிரிப்புலியூரில் கலியமூர்த்தியைப் பார்த்துக்கொள்ள வந்தாள். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடைபோடும் மேடையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். எழுபத்தொரு வயதில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், அறிவு தெளிவு. மனைவி பூங்காவனம் முன்பே போய்விட்டாள். ஒரே மகள் அறிவுமதி சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியை. வாரக் கடைசியில் வந்து போவாள்.

அவருடைய அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. மேலே சிமெண்ட் ஷீட். வெயில் இறங்காமலிருக்க அதன் அடியில் ஜிப்சம் போர்டு அடித்து வெள்ளை பூசியிருந்தார்கள். முதல் நாள் கட்டிலில் படுத்துப் பார்த்தபோது ஞானாம்பாள் அதில் ஒரு குறையும் காணவில்லை.

டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் அடித்தது. கதவை இருவராகத் தாங்கிப் பிடிக்க வேண்டிய காற்று; வீட்டில் கை உள்ளவள் அவள் ஒருத்திதான். கதவுக்குக் குறுக்கே அரிசிப் பானையை நகர்த்தி வைத்துவிட்டு, கலியமூர்த்தியின் கட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். மழை விட்டபோது தெருவில் ஒரு மின்கம்பமும் நேராக இல்லை. பின்னறையின் மேல் இரண்டு ஷீட் உடைந்திருந்தன. பக்கத்து வீட்டு ஆட்கள் மறுநாளே ஏறி வேறு ஷீட் மாட்டிக் கொடுத்தார்கள். மழை உள்ளே வருவது நின்றது. ஆனால் அதற்குள் வந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஞானாம்பாள் கேட்டாள். போர்டு, கட்டிலுக்கு நேர் மேலே, கர்ப்பிணி வயிறு மாதிரி கீழே இறங்கியிருந்தது. அவள் கட்டிலை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். ஒரு ஸ்குரூட்ரைவரைத் துடைப்பக் கட்டையில் கட்டி, கீழே வாளியை வைத்து, வீக்கத்தின் நடுவில் ஒரு குத்துக் குத்தினாள். பழுப்புத் தண்ணீர் இரண்டு வாளி வந்தது. கட்டி உடைத்தது போலத்தான். தண்ணீர் இறங்கியும் வீக்கம் வற்றவில்லை.

"வுழுந்துடுமா?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

"வுழலாம். உங்க மேல வுழாது. கட்டில நவுத்திட்டேன்."

"நவுத்தி இன்னா? ரூமே பத்தடிதான்."

அவர் சொன்னது சரி. அதனால்தான் அவள் ஆள் தேடினாள்.

ஊரே கூரை இல்லாமல் நின்ற நேரம். நான்கு பேரைக் கேட்டு, ஐந்தாவதாக வந்தவன் இம்தியாஸ். கடலூர் முதுநகர்க்காரன், முப்பத்தைந்து வயது. ஷார்ஜாவில் ஆறு வருஷம் இந்தச் சீலிங் வேலையே செய்துவிட்டுத் திரும்பியவன். அறைக்குள் வந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஓட்டையைக் காட்டிக் கேட்டான்.

"இது யாருக்கா போட்டது?"

"நாந்தான்."

"நல்ல வேல செஞ்சீங்க. இல்லாட்டி மொத்தமும் ஒரே வாட்டியா எறங்கியிருக்கும்." ஏணியில் ஏறி, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். உச்சுக்கொட்டினான். "புயல் மேல மட்டும் பழி போடாதீங்க. ரெண்டடிக்கு ஒரு சேனல் வரணும், நாலடிக்கு ஒண்ணு போட்டிருக்கான். தொங்க வுட்டது கட்டுக்கம்பியில. இதுல பாதி பாரம் அல்லா காப்பாத்துனதுதான்."

சேனல் என்பது போர்டை மேலே தாங்கும் தகரச் சட்டம். ஈரத்தில் ஊறிய இரண்டு போர்டை எடுத்துவிட வேண்டும், அந்த இடைவெளி வழியாக மேலே கையை விட்டுப் புதுச் சேனல்களை நெருக்கமாகச் சேர்க்க வேண்டும், கம்பிக்குப் பதில் தகரப் பட்டி போட வேண்டும், தொங்கும் மற்ற போர்டுகளை அடியிலிருந்து முட்டுக் கொடுத்துத் தூக்கி, சாணுக்கு ஒரு ஸ்குரூ அடிக்க வேண்டும். பிறகு புதுப் போர்டு, இணைப்பில் நாடா, பூச்சு. அவன் விரல் விட்டுச் சொன்னான்.

"எத்தினி நாளு?"

"ரெண்டு நாளுக்கு ரூம் காலியா வேணும்க்கா. பூச்சு காயணும். ஒரே நாள்ல மூடுனா நாலே மாசத்துல வெடிச்சு பெரியவரு மூஞ்சில உதிரும். தூசி வேற பறக்கும்."

தூசி என்றதும் ஞானாம்பாள் முடிவு செய்துவிட்டாள். கலியமூர்த்திக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறும். அந்த நெஞ்சில் வெள்ளைத் தூசி இறங்கினால் சளி கட்டிக் காய்ச்சல் வரும். அப்படிப் போனவர்களை வார்டில் அவள் எண்ணிப் பார்த்ததில்லை. அவரை வெளியே கொண்டுவந்தே ஆக வேண்டும். வெளியே என்றால் ஒரே இடம், கூடம்.

"கூடத்துலயா?" என்றார் கலியமூர்த்தி. வலது கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது. "எங்கப்பாவ அங்கதான் போட்டாங்க. மூணே நாளு. பூங்காவனத்த அங்கதான் போட்டோம். ஒரு ராத்திரிகூட தாங்கல. கூடத்துக்குப் போனவங்க யாரும் ரூமுக்குத் திரும்பி வந்தது கெடையாது, ஞானம்."

"அவுங்களுக்கு முடியாம போனதால கூடத்துல போட்டாங்க. கூடத்துல போட்டதால முடியாம போவல."

"நீ படிச்சவ, பேசுவ."

அன்று இரவு இரண்டு இட்லியில் ஒன்றரையை ஒதுக்கிவிட்டார். மறுநாள் காலையில் கஞ்சி அப்படியே இருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஞானாம்பாளுக்கு இது பழக்கமான காட்சி. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்பவர்களை மருந்து திருப்பாது. கூரை விழுந்து சாவதற்கும் கூடத்துக்குப் பயந்து சாவதற்கும் அவள் கணக்கில் வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் ஆள் போய்விடுவார்.

பயத்தோடு வாதாடுவது வீண் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கூடத்தை அளந்தாள். கூடம் தெற்கு வடக்காக நீளம். கிழக்கே வாசல் கதவு. அகலம் எட்டே அடி. கட்டிலை நீளவாக்கில் போட்டால் தலை தெற்கே இருக்கும், பிணத்தைக் கிடத்துகிற மாதிரி. திருப்பிப் போட்டால் தலை வடக்கே. உயிரோடு இருக்கிற யாரும் அப்படிப் படுக்க மாட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே வழி, குறுக்கே.

"கட்டில கெழக்கு மேக்கா போடறேன்" என்றாள். "தல வாசக் கதவுல முட்டும். கதவ சாத்திடுவேன். போறவங்க வர்றவங்க அடுப்படி வழியா சுத்திக்கட்டும். இப்படி உங்கப்பாவ போட்டாங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"பூங்காவனம்மாவ?"

"இல்ல. ஆனா பொழுது சாயறதுக்குள்ள என்ன ரூமுக்குக் கொண்டாந்துடணும்."

"சரி" என்றாள். பொழுது சாய்வதற்குள் முடியாது என்பது தெரிந்தேதான் சொன்னாள். முதலில் ஆள் வெளியே வரட்டும்.

கடலூர்க் கடைகளில் போர்டு இருப்பு இல்லை. போன் ஒரு தடவை கிடைத்தபோது விஷயத்தைக் கேட்ட அறிவுமதி, பள்ளி வேலையால் தான் வர முடியாமல், சிதம்பரத்தில் வாங்கி ஒரு சின்ன லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை போர்டு வந்தபோது வானம் மூடியிருந்தது. ஜிப்சம் போர்டு நனைந்தால் அப்பளம். வாசலில் இறக்கி வைக்க மேலே மறைப்பு வேண்டும், கடலூரில் அன்று ஒரு தார்ப்பாய் கிடைக்காது. இம்தியாஸும் அவனோடு வேலைக்கு வந்த கண்ணாயிரமும் தெருக்கோடிப் பந்தல் கடைக்குப் போய், ஒரு சாமியானாவும் பத்துப் பிளாஸ்டிக் நாற்காலியும் வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, போர்டு வளையாமல் அதன்மேல் படுக்க வைத்தார்கள். வேலை தெரிந்தவர்கள் செய்கிற ஏற்பாடு. வெளியிலிருந்து அது எப்படித் தெரியும் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கலியமூர்த்தியைப் போர்வையோடு தூக்கிக் கூடத்தில் விட்டார்கள். கட்டில் குறுக்கே நின்றது. தலைமாட்டில் சாத்திய கதவு. அவர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். மதியம் இரண்டு கரண்டி ரசம் சாதம். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

உள்ளே வேலை மளமளவென்று நடந்தது. கரண்ட் இல்லாத ஊரில், ஜெனரேட்டர் ஓடுகிற கடையில் சார்ஜ் ஏற்றிய பேட்டரி டிரில்லுடன் வந்திருந்தான் இம்தியாஸ். புயலில் சாய்ந்த சவுக்கு எங்கும் கிடந்தது. ஒரு கம்பின் தலையில் பலகை அடித்து முட்டுக்கோல் செய்தான். அதைப் போர்டுக்குக் கொடுக்கப் போனபோது ஞானாம்பாள் தடுத்தாள்.

"அப்படியே குடுக்காத தம்பி. பலகை வெளிம்பு அழுத்துன எடம் குழியும். இரு." பழைய கம்பளியை நான்காக மடித்துப் பலகை மேல் கட்டினாள். "பாரம் ஒரே எடத்துல நின்னா புண்ணு வரும்."

"போர்டுக்கா?"

"மனுசனுக்கு வரும்னா அதுக்கும் வரும்."

முட்டு ஏற ஏற, தொங்கிய போர்டு குழியில்லாமல் மெதுவாக மேலே போய் நின்றது. இம்தியாஸ் கம்பளியைப் பார்த்துத் தலையாட்டினான். "ஷார்ஜாவுல இத யாரும் சொல்லிக் குடுக்கல" என்றான்.

மூன்று மணி இருக்கும். ஞானாம்பாள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் ஒரு பெண் குரல் பெரிதாக எழுந்தது.

"கரும்பு வண்டி காத்திருக்கே, என் கூடப்பொறந்த அண்ணே... தராசு முள்ள யாரு பாப்பா, என் தரும ராசா அண்ணே..."

ஒப்பாரி. அதுவும் கதவுக்கு அந்தப் பக்கம், கலியமூர்த்தியின் தலைக்கு ஒரு முழ தூரத்தில்.

டீயை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கலியமூர்த்தி கண்ணை அகலத் திறந்து கிடந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. வலது கை கம்பியை இறுகப் பிடித்திருந்தது. வெளியே குரல் மார்பில் அடித்துக்கொண்டு தொடர்ந்தது: "எட குறையாம நிறுத்தவரே, எமன் வந்து நிறுத்தானே..." முடிந்தது, இனி இந்த மனுஷன் வாயில் ஒரு பருக்கை போகாது என்று ஞானாம்பாள் நினைத்தாள். நாடியைப் பிடித்தாள். வேகமாகத் துடித்தது.

அவர் உதடு அசைந்தது. குனிந்து கேட்டாள்.

"தில்லதான அது?"

பண்ருட்டி மச்சான், பூங்காவனத்தின் தம்பி சுப்புராயனின் மனைவி தில்லையம்மாள்தான். ஞானாம்பாள் தலையாட்டினாள்.

கலியமூர்த்தி மூச்சை இழுத்துக்கொண்டு, கதவைப் பார்த்து, ஐந்து மாதத்தில் அவர் போடாத சத்தத்தைப் போட்டார். "தில்ல! யாரும்மா செத்தது?"

ஒப்பாரி பாதியில் அறுந்தது. பிறகு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சரிகிற சத்தம். "ஐயையோ, மாமா குரலு!" என்றது ஓர் ஆண் குரல்.

"ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தான் இருக்கு. எட குறையாம நிறுத்தேன்னு சொன்ன பாரு, அத இன்னொருவாட்டி சொல்லு. வேல பாத்த முப்பத்தோரு வருசத்துல ஒருத்தன் சொல்லல."

இருவரும் அடுப்படி வழியாகச் சுற்றி உள்ளே வந்தார்கள். சுப்புராயன் கையில் ஆளுயர ரோஜா மாலை. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"பஸ் ஸ்டாண்டுல உங்க தெரு பொம்பள ஒண்ணு சொல்லிச்சு மாமா. வாசல்ல சாமியானா போட்டு சேரு எறக்கியாச்சு, பெரியவர கூடத்துல போட்டுட்டாங்கன்னு. போன் அடிச்சா போவல. தெரு மொனையில வந்து பாத்தா பந்தல் நிக்குது. நான் இன்னா பண்ணுவேன்?"

"மால எவ்ளோ வெயிட்டு?"

"மாமா..."

"காட்டு. மூணு கிலோ வரும். பரவால்ல, மட்டமா வாங்கல."

பின்னறை வாசலில் இம்தியாஸும் கண்ணாயிரமும் வெள்ளைத் தூசி படிந்த தலையோடு நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். "என் பந்தலாலதான் பெரியவரே" என்று இம்தியாஸ் கையெடுத்துக் கும்பிட்டான்.

தில்லையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுத கண்ணீர் இன்னும் காயவில்லை. "பொய்ச் சாவு சேதி வந்தா ஆயுசு கெட்டிண்ணே. பெரியவங்க சொல்றது அதான்."

"எத்தினி வருசம் கெட்டி?"

"பத்து வருசம்னு வெச்சுக்கங்க."

"சேதிக்கே பத்துன்னா, ஒப்பாரி பாடி மாலையும் வந்தாச்சு. அதுக்குத் தனியா போட வேணாமா?" கலியமூர்த்தி சிரித்தார். ஒரு பக்க வாய் மட்டும் ஏறிய சிரிப்பு. சிரித்ததில் புரையேறி இருமினார். ஞானாம்பாள் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் தட்டினாள். "போதும், போதும். மீதிய நாளைக்கு சிரிங்க" என்றாள்.

மாலையைச் சுப்புராயன் கெடிலம் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் தம் தோப்பில் பலாமரங்கள் வேரோடு சாய்ந்து கிடப்பதைச் சொல்லி அழுதார். அழுவதற்குத் தயாராக வந்த மனிதர், அதை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. கலியமூர்த்தி, "மரந்தான மச்சான். கன்னு வெச்சா காய்க்கும். என்ன மாதிரி திரும்பி வரும்" என்று ஆறுதல் சொன்னார். முந்தின நாள்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்.

பொழுது சாயும் நேரத்தில் ஞானாம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள். சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான். அவர் கேட்டால் அரைகுறைக் கூரைக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். "ரூமுக்குப் போவலாமா?" என்று அவளே கேட்டாள்.

அவர் மச்சானை ஓரக்கண்ணால் பார்த்தார். "இப்ப உள்ள தூக்கிட்டுப் போனா பயந்துட்டேன்னு பண்ருட்டி பூரா சொல்லுவான். வேல முடியட்டும்." பிறகு, "தோச ஊத்துறியா?" என்றார்.

மூன்று தோசை. ஞானாம்பாள் அடுப்படிக்குப் போய், மூன்று மணிக்குப் போட்டு ஆறிப்போன டீயைச் சூடாக்காமலே குடித்தாள்.  அன்று முதல் தடவையாக முக்காலியில் உட்கார்ந்தாள்.

அவசரம் போய்விட்டதால் வேலை ஒழுங்காக நடந்தது. மறுநாள் புதுப் போர்டை மூடுவதற்கு முன்னால் கலியமூர்த்தி சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நாற்காலியில் உட்கார வைத்து, முகத்தில் ஈரத்துணி கட்டி, அறை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள். மேலே பளபளவென்று சேனல்கள் நெருக்கமாக ஓடின.

"தாங்குமா?"

இம்தியாஸ் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினான். சட்டம் முனகவில்லை.

"உன் எட இன்னா தம்பி?"

"எழுவத்திரெண்டுங்க."

கலியமூர்த்தி அவனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "எழுவத்தாறு" என்றார். "ஷார்ஜாவுல போட்ட எட அது. சரி, மூடு."

மூடினார்கள். நாடா ஒட்டி, ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, மறுநாள் இன்னொரு பூச்சு பூசித் தேய்த்தார்கள். ஞானாம்பாள் தரையை மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தாள். விரலால் ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்து, நான்காவது தடவையும் துடைத்தாள். செவ்வாய்க்கிழமை மதியம், சாமியானா கழன்று கடைக்குப் போன பிறகு, கலியமூர்த்தியின் கட்டில் அவர் அறைக்குத் திரும்பியது. படுத்ததும் பத்து நிமிஷத்தில் குறட்டை விட்டார்.

சனிக்கிழமை பொங்கல் விடுமுறைக்கு அறிவுமதி சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். செல்போன் சரியாக வேலை செய்யாததால் பாதிக் கதைதான் அவளுக்குத் தெரியும். பையைக்கூட வைக்காமல் அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தாள்.

"ஞானம்மா, இது எல்லாத்தையும் தனியாவா பாத்தீங்க? நான் ராத்திரி எல்லாம் தூங்கல."

"இனிமே தூங்கு" என்றாள் ஞானாம்பாள். வார்டில் அடுத்த ஷிப்டுக்காரிக்குச் சொல்கிற குரலில் ஒப்படைத்தாள். "காலைல மூணு இட்லி. வயிறு போயாச்சு. பிரஷர் மாத்திரை எட்டு மணிக்கு. தண்ணி ஸ்பூன்லதான், நிமுத்தி உக்கார வெச்சு. எடது கை வெரலு நேத்து கொஞ்சம் மடங்கிச்சு, பயிற்சி வுடாத. கூரை நல்லா இருக்கு. புதங்கெழம காலைல வந்துடுவேன்."

திருவந்திபுரத்தில் அவள் வீட்டின் ஓடு எத்தனை இருக்கிறது, எத்தனை பறந்தது என்று பார்த்து இன்றோடு பதினைந்து நாள் ஆகிறது. பக்கத்து வீட்டுக்காரர், சுவர் நிற்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். சுவர் நின்றால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். இம்தியாஸின் நம்பரைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரச் சீட் பிடித்து, டிக்கெட் வாங்குவதற்கு முன்பே தூங்கிப்போனாள்.